குடிக்காதவரின் கல்லீரல்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியபோது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். அதன்பின் சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் விரிந்தன. டயர், லாரி, மோட்டார் சைக்கிள், கைபேசி என்று வேலைகள் பெருகின. ஏ, பி, சி ஷிப்டுகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்களும் பெருகின. ஆண்டுக்கொரு முறை நடக்கும் மெடிக்கல் செக்கப்பில், இந்தத் தொழிலாளர்கள் பலரின் கைக்கு வரும் வரி ஒன்று உண்டு: ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்.’ வந்தவுடன் கேன்டீனில் வழக்கு எழும். “நான் பீரைக்கூடத் தொட்டதில்லை. எனக்கு எப்படி லிவர் கெடும்?”

நியாயமான கேள்விதான். கல்லீரல் என்றாலே சாராயம் என்று நமக்குப் பழகிவிட்டது. ஆனால் மதுவால் வராத கொழுப்புக் கல்லீரல் சென்னையில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று டாக்டர் வி. மோகன் குழுவினர் 541 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வின் விடை 32 சதவீதம். கிட்டத்தட்ட மூவரில் ஒருவர்.

கல்லீரலில் கொழுப்பு சேர மதுவைத் தவிர இன்னும் இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று தொப்பையும் சர்க்கரையும் திறக்கும் வழி. மற்றொன்று வைரஸ் திறக்கும் வழி. இரண்டும் ஒரே கல்லீரலில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஓர் அறிக்கையைப் படிப்போம்

ஒரே ஒரு மனிதரின் அறிக்கையை வைத்துக்கொண்டு கடைசி வரை போவோம். அவர் கற்பனை ஆள். ஆனால் அவருடைய எண்கள் எந்த முகாமிலும் காணக்கூடியவை. ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். வயது 36. உயரம் 170 செ.மீ., எடை 78 கிலோ. குடிப்பழக்கம் இல்லை. எஸ்.ஜி.பி.டி. 84, எஸ்.ஜி.ஓ.டி. 58. பிளேட்லெட் 2 லட்சத்து 10 ஆயிரம். கொலஸ்ட்ரால் 128. ஸ்கேனில் கிரேடு 1.

எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்லுக்குள் வேலை பார்க்கும் ஒரு என்சைம். அது ரத்தத்தில் கூடுதலாகத் தென்பட்டால், செல்கள் காயப்பட்டு உடைகின்றன என்று பொருள். பெரும்பாலான ஆய்வகங்கள் 40 வரை சரி என்று அச்சிடும். இவருக்கு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது.

ஸ்கேன் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் சேர்ந்தாலே அது கொழுப்புக் கல்லீரல்தான். ஆனால் சாதாரண அல்ட்ராசவுண்ட் கண்ணுக்கு அது 20, 30 சதவீதம் ஆன பிறகுதான் தெளிவாகத் தெரியும். ‘கிரேடு 1 தானே, எல்லாருக்கும் இருப்பதுதானே’ என்று மடித்துப் பையில் வைத்துவிடுவது சரியல்ல. மேலும், கிரேடு என்பது கொழுப்பின் அளவை மட்டுமே சொல்லும். அது ஏன் வந்தது என்றோ, உள்ளே அழற்சியும் தழும்பும் இருக்கின்றனவா என்றோ சொல்லாது.

நம் ஆபரேட்டருக்கு ஒரே ஆறுதல் கொலஸ்ட்ரால் 128 என்பது. நண்பர்களுக்கெல்லாம் 200-ஐத் தாண்டுகிறதாம். அந்த 128-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இந்த அறிக்கையிலேயே சந்தேகத்துக்குரிய எண்.

கொழுப்பு வந்த வழி

ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலுக்குள் கொழுப்பு மூன்று வாசல்களில் நுழைகிறது. உடற்பருமனும் கொழுப்புக் கல்லீரலும் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒவ்வொரு வாசலின் பங்கையும் அளந்தது. ஏறத்தாழ 60 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து கரைந்து ரத்தம் வழியாக வந்தது. 25 சதவீதத்தைச் சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் கல்லீரலே செய்துகொண்டது. தட்டில் இருந்த எண்ணெயும் நெய்யும் நேரடியாகக் கொடுத்தது 15 சதவீதம்தான். ‘எண்ணெயை நிறுத்திவிட்டேன், ஆனாலும் குறையவில்லை’ என்பவர்களின் புலம்பலுக்கு விடை இங்கே இருக்கிறது.

முதல் இரண்டு வாசல்களையும் காவல் காப்பது இன்சுலின். தொப்பை போட்ட உடல் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் சாப்பிட்ட பிறகும் கொழுப்புத் திசு கொழுப்பை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. கல்லீரலும் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. இவருடைய உடல் நிறை எண் 27. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடற்பருமன். ஷிப்டுக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் கிட்டத்தட்ட 50 கிராம். அதில் பாதி ஃபிரக்டோஸ். அதைக் கையாளும் பொறுப்பில் பெரும்பங்கு கல்லீரலின் தலையில் விழுகிறது.

கொழுப்பு வெளியேற இரண்டு வழிகள். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்துபோகலாம். அல்லது வி.எல்.டி.எல். என்ற துகள்களாகப் பொதியப்பட்டு ரத்தத்தில் போகலாம். வரவு கூடிச் செலவு குறைந்தால் மீதி துளித்துளியாகச் செல்லுக்குள்ளேயே தங்கும்.

இவருடைய ஸ்கேனை விளக்க எடை ஒன்றே போதும் போலத் தோன்றுகிறது. ‘வெயிட்டைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். மூடுவதற்கு முன் மருத்துவர் இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதுகிறார். ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கான எதிர்ப்பொருள் சோதனை. பாசிட்டிவ் என்று வருகிறது. ரத்தத்தில் வைரஸ் உயிர்ப்போடு இருப்பதை ஆர்.என்.ஏ. சோதனை உறுதி செய்கிறது.

சி வைரஸ் பார்க்கும் வேலை

எப்படி வந்தது? 1990-களின் நடுவில், சிறுவனாக இருந்தபோது விபத்தில் சிக்கி அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்கள். சி வைரஸை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டதே 1989-இல்தான். ரத்த வங்கிகளில் அதற்கான சோதனை இந்தியாவில் கட்டாயமானது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஒருமுறை போட்ட ஊசியைச் சுத்தம் செய்யாமல் மறுபடி போடுவது, பச்சை குத்தும் ஊசி, பகிர்ந்துகொண்ட ரேசர் ஆகியவையும் பரவும் வழிகள். கேன்டீன் தட்டாலும் கைகுலுக்கலாலும் பரவாது. தொற்றியவர்களில் பத்துக்கு ஏழு பேரிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். காய்ச்சல் இல்லை, மஞ்சள் இல்லை, வலி இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள்கூடச் சத்தமில்லாமல் இருக்கும்.

இந்த வைரஸுக்குக் கொழுப்பு தேவை. அதன் உட்கருப் புரதம் கல்லீரல் செல்லில் உள்ள கொழுப்புத் துளிகளின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. புதிய வைரஸ்கள் உருவாவது அந்தத் துளிகளை ஒட்டித்தான். அதே நேரத்தில், கொழுப்பை வி.எல்.டி.எல். துகள்களில் ஏற்றி வெளியே அனுப்பும் வேலையையும் அந்தப் புரதம் மந்தமாக்குகிறது. செல்லுக்குள் கொழுப்பு தேங்குகிறது. ரத்தத்துக்கு வரும் கொழுப்பு குறைகிறது. பெருமைப்பட்ட 128-க்குக் காரணம் இதுதான். ஆரோக்கியத்தின் அடையாளம் என்று அவர் நினைத்தது வைரஸின் கைவரிசை.

சி வைரஸில் பல மரபு வகைகள் உண்டு. கொழுப்பைத் தேக்குவதில் வகை 3 முதலிடம். இந்தியாவில் அதிகம் காணப்படுவதும் அதுவே. தெற்கே வகை 1-உம் கணிசம். இவருக்கு வகை 3 என்று வைத்துக்கொள்வோம். வகை 3 தொற்றியவர்களிடம் மருந்தால் வைரஸ் ஒழிந்தபோது கல்லீரல் கொழுப்பும் இறங்கியது. வைரஸ் திரும்பியவர்களிடம் கொழுப்பும் திரும்பியது. குற்றவாளி யார் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அரிது.

முரட்டு ஆக்சிஜன்

கொழுப்பு சும்மா கிடந்தால் பெரிய கேடில்லை. அது எரியும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மைட்டோகாண்ட்ரியா உணவை எரிக்கும்போது எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனைச் சேர்ந்து தண்ணீராகின்றன. சில எலக்ட்ரான்கள் பாதி வழியிலேயே நழுவும். நழுவியதைப் பிடித்துக்கொண்ட ஆக்சிஜன் நிலைகொள்ளாமல், அருகில் இருக்கும் எதனோடும் வினைபுரியப் பாய்கிறது. இதை ‘முரட்டு ஆக்சிஜன்’ என்று அழைப்போம். ஆரோக்கியமான உடலிலும் இது உண்டு. அதை அடக்க என்சைம்களும், குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறும் இருக்கின்றன. அடக்கும் திறனை மீறி முரட்டு ஆக்சிஜன் பெருகும் நிலைதான் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’.

நம் ஆபரேட்டரின் செல்லில் அது நான்கு பக்கமிருந்து பெருகுகிறது. கொழுப்பு மிகுந்ததால் எரிப்பு மிகுந்து, நழுவும் எலக்ட்ரான்களும் மிகுகின்றன. வைரஸின் உட்கருப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவிலேயே போய் ஒட்டி, கால்சியத்தை உள்ளே ஏறவிட்டு, நழுவலை இன்னும் கூட்டுகிறது. வைரஸை வேட்டையாட வரும் நோய் எதிர்ப்புச் செல்களும் முரட்டு ஆக்சிஜனையே ஆயுதமாக வீசுகின்றன. நாள்பட்ட சி தொற்றில் கல்லீரலில் இரும்புச் சத்தும் கூடுவதுண்டு. அந்த இரும்பு, முரட்டு ஆக்சிஜனை அதன் மிகக் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்காமல் இரும்பு டானிக் வாங்கிக் குடிக்க வேண்டாம் என்று இவர்களுக்குச் சொல்வது அதனால்தான்.

இத்தனை முரடும் போய் மோதுவது எதன் மேல்? கொழுப்பின் மேல். சரியாக மூடாத டின்னில் இருக்கும் முறுக்கில் சில வாரங்களில் சிக்கு வாடை வரும் அல்லவா? எண்ணெயின் கொழுப்பு அமிலத்தை ஆக்சிஜன் தாக்குகிறது. தாக்கப்பட்ட மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைத் தாக்குகிறது. அது அடுத்ததை. கல்லீரல் செல்லுக்குள் நடப்பதும் இதே வேதியியல்தான். கொழுப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நீளும் இந்தத் தொடர். செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனது என்பதால் அதுவும் தப்பாது.

இங்கேதான் சுழல் உருவாகிறது. சிதைந்த மைட்டோகாண்ட்ரியாவால் கொழுப்பைச் சரியாக எரிக்க முடியாது. எரியாத கொழுப்பு மேலும் சேரும். சேர்ந்த கொழுப்பு மேலும் சிக்குப் பிடிக்கும். வைரஸ் மட்டும் இருந்தால் பத்து, தொப்பை மட்டும் இருந்தால் பத்து, இரண்டும் இருந்தால் இருபது என்று இங்கே கூட்டிவிட முடியாது. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

அழற்சி இல்லாமலே வைரஸ் புரதத்தால் மட்டும் இது நடக்குமா? டோக்கியோவில் கசுஹிகோ கொய்கே குழுவினர், சி வைரஸின் உட்கருப் புரதத்தை மட்டும் தன் உடலில் உற்பத்தி செய்யும் எலிகளை உருவாக்கினார்கள். அந்த எலிகளுக்கு முதலில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. அழற்சி இல்லாமலே ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறியது. முதுமையில் அவற்றில் சிலவற்றுக்குக் கல்லீரல் புற்றுநோயே வந்தது.

தழும்பு எவ்வளவு?

கல்லீரலில் வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருக்கும் விண்மீன் செல்கள் என்ற ஒரு வகை உண்டு. சிக்குப் பிடித்த கொழுப்பின் கழிவுகள் பட்டதும் அவை விழித்துக்கொண்டு நார்ப் பொருளை உற்பத்தி செய்யத் தொடங்கும். அதுதான் தழும்பு. ஆண்டுக்கணக்கில் தழும்பு கூடிக் கல்லீரல் இறுகிச் சுருங்கினால் சிரோசிஸ். முரட்டு ஆக்சிஜன் மரபணு எழுத்துகளையும் சிதைப்பதால் புற்றுநோய்க்கும் கதவு திறக்கிறது.

நம் ஆபரேட்டர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்? வயது, இரண்டு என்சைம்கள், பிளேட்லெட் ஆகிய நான்கையும் சேர்த்து மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் போடுவார்கள். ‘ஃபிப்-4’ என்று பெயர். தனிச் செலவு எதுவும் இல்லை. அறிக்கையில் ஏற்கெனவே உள்ள எண்களே போதும். இவருக்கு வருவது ஏறக்குறைய 1.08. 1.3-க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. ஐயம் இருந்தால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது. நல்ல நேரத்தில் பிடிபட்டிருக்கிறார்.

பி வைரஸ் வேறு ரகம்

பாசிட்டிவ் வந்தது ஹெபடைட்டிஸ் பி ஆக இருந்தால்? நம் நாட்டில் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி இந்தியாவில் பி தொற்றோடு வாழ்பவர்கள் 2.98 கோடி. சி தொற்றோடு 55 லட்சம்.

பி வைரஸ், சி வகை 3-ஐப் போலத் தானே கொழுப்பைத் தேக்குவதில்லை. பி தொற்றுள்ளவரின் கல்லீரலில் கொழுப்பு இருந்தால் பெரும்பாலும் அது தொப்பையும் சர்க்கரையும் கொண்டுவந்தது. ஆனால் அதன் எக்ஸ் புரதமும் மைட்டோகாண்ட்ரியாவைத் தொந்தரவு செய்து முரட்டு ஆக்சிஜனைக் கூட்டுகிறது. நீரிழிவும் பி தொற்றும் சேர்ந்தவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதன் மரபணு செல்லின் உட்கருவில் மூடிய வளையமாகத் தங்கிவிடுவதால், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் அதை அடக்கிவைக்குமே தவிர, முற்றாக ஒழிப்பது அரிது.

பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேரிடம் இது நிலைத்துவிடும். வளர்ந்தபின் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நிலைக்கும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி. இந்தியா முழுமைக்கும் அது விரிவானது 2011-இல். இன்று தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தலைமுறையில் பெரும்பாலோர் அதற்கு முன்பே பிறந்தவர்கள்.

கீழாநெல்லிக்கு வைத்த பரீட்சை

முரட்டு ஆக்சிஜன்தான் சிக்கல் என்றால், அதை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் போதாதா? ‘லிவர் டானிக்’ விற்பவர்கள் சொல்வது இதைத்தான். தமிழ் வீடுகளில் இதற்குப் பழைய விடை உண்டு: கீழாநெல்லி.

அந்த விடையை உலக அரங்கில் சோதித்தவர்கள் சென்னை விஞ்ஞானிகளே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்குடன் சேர்ந்து 1988-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பி தொற்றுள்ளவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடியோ போலி மாத்திரையோ கொடுத்தார்கள். கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. போலி மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு வேறு நாடுகளில் மறுபடி செய்து பார்த்தபோது அந்த வெற்றி கிடைக்கவில்லை. முதல் ஆய்வு சிறியது. போலி மாத்திரைக் குழுவில் பாதியில் விட்டுப்போனவர்கள் அதிகம். அறிவியலில் ஒரு முடிவு நிற்க வேண்டுமானால் அடுத்தவர் கையிலும் அது நடக்க வேண்டும். அப்படியானால் கீழாநெல்லியால் காமாலை குணமானதைக் கண்ணால் பார்த்தவர்கள்? அவர்கள் பார்த்தது பெரும்பாலும் தண்ணீர், உணவு வழியே வரும் ஏ, இ வைரஸ் காமாலை. அது பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும்.

வைட்டமின் ஈ-க்கும் இதே பரீட்சை நடந்தது. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வைரஸும் நீரிழிவும் இல்லாத கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்காரர்களில் 43 சதவீதத்தினருக்கு அது பலன் கொடுத்தது. போலி மாத்திரைக் குழுவில் 19 சதவீதத்தினருக்கு. ஆனால் தழும்பு குறையவில்லை. நீண்ட காலம் அதிக அளவில் எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் கூடியதை 2011-இல் வேறோர் ஆய்வு காட்டியது. மருத்துவர் சொல்லாமல் விழுங்குவதற்கல்ல.

முரட்டு ஆக்சிஜன் ஊறிக்கொண்டே இருக்கும்போது அதைத் துடைத்துக்கொண்டிருப்பதால் பயன் குறைவு. ஊற்றை அடைக்க வேண்டும். இவருக்கு ஊற்று இரண்டு.

பன்னிரண்டு வாரமும் ஐந்தரைக் கிலோவும்

முதல் ஊற்றுக்கு மாத்திரை இருக்கிறது. சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டாக்லடாஸ்விர் 60 மி.கி.; தினம் ஒவ்வொன்று, 12 வாரம். மரபு வகை எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் இந்த ஜோடி வேலை செய்யும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். 2013-இல் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தபோது 12 வாரத்துக்கு 84,000 டாலர் விலை. மறு ஆண்டே இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றன. அவை தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து நம் ஆபரேட்டருக்கு மறுபடி ஆர்.என்.ஏ. சோதனை. வைரஸ் இல்லை. எஸ்.ஜி.பி.டி. 84-இலிருந்து 46-க்கு இறங்கியிருக்கிறது. கொலஸ்ட்ரால் 128-இலிருந்து 172-க்கு ஏறியிருக்கிறது. பயப்பட வேண்டாம், தேங்கியிருந்த கொழுப்பு மறுபடி வெளியே போகத் தொடங்கியதன் அறிகுறி அது. ஸ்கேனில் கொழுப்பு குறைந்திருக்கிறது, ஆனால் போய்விடவில்லை. மிச்சம் இருப்பது வைரஸின் கணக்கல்ல, 78 கிலோவின் கணக்கு.

எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். 78 கிலோவில் 7 சதவீதம் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. சீனி டீ ஐந்திலிருந்து ஒன்றாகிறது. கேன்டீனில் இரண்டாம் முறை சோறு வாங்குவதற்குப் பதில் பொரியலும் சுண்டலும். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை. ஓராண்டில் எடை 72, எஸ்.ஜி.பி.டி. 30. மாத்திரை மட்டும் போதவில்லை, நடை மட்டும் போதியிருக்காது.

அவர் பத்திரப்படுத்த வேண்டிய ஒரு தாள் உண்டு. சி தொற்று குணமானாலும் எதிர்ப்பொருள் ஆயுள் முழுவதும் ரத்தத்தில் இருக்கும். அடுத்த செக்கப்பிலும் ‘பாசிட்டிவ்’ என்றுதான் வரும். ‘வைரஸ் இல்லை’ என்ற ஆர்.என்.ஏ. அறிக்கைதான் உண்மையைச் சொல்லும் சான்று. ஒருமுறை குணமானவருக்கு மறுபடி தொற்றாது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஊசி, ரேசர் விஷயத்தில் கவனம் என்றைக்கும் வேண்டும்.

கேட்க வேண்டிய இரண்டு சோதனைகள்

வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பி, சி வைரஸ்கள் ஒரே இயந்திரத்தில் வேலை செய்வதாலோ ஒரே விடுதியில் தங்குவதாலோ தொற்றுவதில்லை. பாசிட்டிவ் என்ற ஒற்றைச் சொல்லுக்காக ஒருவரைத் திருப்பி அனுப்ப அறிவியலில் இடமில்லை. அப்படி அனுப்பினால் அடுத்தவர் சோதனைக்கே வர மாட்டார்.

உங்கள் அறிக்கையிலோ உங்கள் வீட்டில் யாருடைய அறிக்கையிலோ ‘ஃபேட்டி லிவர்’ என்று இருந்தால், எடையைப் பற்றி மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி, சி ஆகிய இரண்டு சோதனைகளையும் வாழ்நாளில் ஒருமுறையாவது செய்துகொள்ளுங்கள். மேற்சொன்ன தேசியத் திட்டத்தில் சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். வைரஸ் இருந்தால் மருத்துவர் சொல்படி மாத்திரையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். எது எப்படி இருந்தாலும் சீனியைக் குறையுங்கள், நடங்கள்.